எண்ணெய் கலந்த நீரைச் சுத்தம் செய்வது: ஆலைக் கழிவுநீர் முதல் நிலத்தடி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கழிவுநீரில் எண்ணெய் வருகிறது, என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரு கண்ணாடிக் குடுவையை எடுங்கள் என்பதுதான். ஒரு லிட்டர் பிடிக்கிற சாதாரணக் குடுவை போதும். குழாயிலிருந்து நீரைப் பிடித்து, மேசைமேல் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மேலே பளபளவென்று படலம் கட்டிவிட்டதா? உங்கள் வேலை பாதி முடிந்தது. இரண்டு மணி நேரம் ஆகிறதா? கொஞ்சம் செலவு இருக்கிறது. மறுநாள் காலையில் வந்து பார்த்தாலும் பால்போல வெளுத்தே கிடக்கிறதா? அப்படியென்றால் எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் அது தானாகப் பிரியப்போவதில்லை.

காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் இயந்திரம் வாங்கி, பிறகு வருடக்கணக்காக அதோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த உருவத்தில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

படி 1: எண்ணெய் எந்த உருவத்தில் இருக்கிறது?

நீரில் எண்ணெய் நான்கு விதமாக இருக்கும். துளியின் அளவு 150 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் என்றால் அது தனி எண்ணெய். விட்டுவிட்டாலே மேலே வந்துவிடும். 20 முதல் 150 மைக்ரான் வரை உள்ளது சிதறிய எண்ணெய். வரும், ஆனால் பொறுமை வேண்டும். 20 மைக்ரானுக்குக் கீழே பால்மம். சோப்போ வேறு ஏதாவது வேதிப்பொருளோ துளியைச் சுற்றி அரண்போல நின்றால் அது பிரியவே பிரியாது. நான்காவது, உண்மையிலேயே கரைந்தது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன், டொலுவீன் போன்றவை. கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டியில் நிற்காது. நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும்போதே ஒரு லிட்டரில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் பென்சீன் கரைந்திருக்க முடியும்.

இந்த எல்லைகள் கல்வெட்டு அல்ல, புத்தகத்துக்குப் புத்தகம் சற்று மாறும். ஆனால் துளியின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். ஸ்டோக்ஸ் விதிப்படி, துளி மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீரைவிடப் பத்து சதவீதம் அடர்த்தி குறைந்த எண்ணெய், 20 டிகிரி வெப்பநிலையில் அசையாத நீர் என்று வைத்துக்கொள்வோம். 150 மைக்ரான் துளி ஒரு மீட்டர் உயரம் ஏற ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். 20 மைக்ரான் துளிக்கு அதே ஒரு மீட்டருக்குப் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல். 5 மைக்ரான் துளிக்கு எட்டரை நாள்!

தொட்டியை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் நேரம் இரண்டு மடங்குதான் கிடைக்கும். துளியை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் வேகம் நான்கு மடங்காகும். கீழே சொல்லப்போகிற பல கருவிகள் செய்வது ஒன்று துளியைப் பெருக்குவது, அல்லது அது ஏறவேண்டிய தூரத்தைக் குறைப்பது.

படி 2: மாதிரியை ஒழுங்காக எடுங்கள்

எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுகள் அதிகம். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அகன்ற வாய் உள்ள கண்ணாடி பாட்டில் வேண்டும். அதே நீரால் முன்கூட்டிக் கழுவக் கூடாது, ஏனென்றால் கழுவும்போதே சுவரில் எண்ணெய் ஏறிவிடும். ஒரே முறையில் நேராகப் பிடிக்க வேண்டும். ஒரு பெரிய வாளியில் பிடித்து நாலு பாட்டிலில் ஊற்றிப் பகிர்ந்தால் நாலு பாட்டிலிலும் நாலு விதமான எண் வரும். பிடித்த உடனே அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்து குளிரில் வையுங்கள். ஆய்வகம் அந்த பாட்டில் முழுவதையும் பயன்படுத்தி, காலி பாட்டிலையும் ஹெக்சேன் என்ற கரைப்பானால் கழுவி அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். பாட்டிலில் பாதியை மட்டும் எடுத்து அளந்தார்கள் என்று தெரிந்தால் அந்த அறிக்கையை நம்பாதீர்கள்.

அமிலம் சேர்ப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நீரில் சயனைடோ சல்பைடோ இருக்க வாய்ப்பு உண்டென்றால் கைவைக்காதீர்கள். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடும் ஹைட்ரஜன் சல்பைடும் வாயுவாகக் கிளம்பும். இரண்டுமே ஆளைக் கொல்லும்.

ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. ஷிப்ட் முடிவில் தரை கழுவும்போது, வாரக் கடைசியில் தொட்டி காலி செய்யும்போது, மழை பெய்யும்போது என்று ஆலையின் போக்கைத் தெரிந்து எடுங்கள். சராசரி நாளில் நன்றாக ஓடும் சுத்திகரிப்பு நிலையம் கவிழ்வது இந்த மாதிரி நேரங்களில்தான்.

படி 3: எண்ணெயைக் கலக்கிவிடாதீர்கள்

வழிகாட்டிகள் ஒரு வரியில் தாண்டிப்போகிற இடம் இது. என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது.

முதல் குற்றவாளி பம்ப். சம்பில் அழகாக மிதந்துகொண்டிருந்த எண்ணெயை வேகமாகச் சுற்றும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் உறிஞ்சி, இறக்கைகளால் அடித்து நொறுக்கி, பொடித் துளிகளாக அனுப்பும். 14 நிமிடத்தில் பிரியவேண்டியதைப் பல மணி நேரத்துக்குத் தள்ளிவிடுவது அதுதான். முடிந்தால் நீரை ஈர்ப்பு விசையிலேயே பிரிப்பான் தொட்டிக்கு ஓடவிடுங்கள். பம்ப் தவிர்க்க முடியாது என்றால் டயாபிரம் வகையோ, திருகுபோல மெதுவாகத் தள்ளும் வகையோ போடுங்கள். அதையும்விட நல்லது, பம்ப்பைப் பிரிப்பானுக்குப் பின்னால் வைப்பது. பாதி திறந்த வால்வு, குறுகிய வளைவு, உயரத்திலிருந்து தொபுக்கென்று விழும் குழாய் எல்லாமே பம்ப்பின் தம்பிகள்தான்.

இரண்டாவது குற்றவாளி சோப்பு. எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் வருடக்கணக்காக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிரிப்பான் ஒரு வாரத்தில் படுத்துவிட்டது. மேலே மிதந்த கரிய எண்ணெய்ப் படலம் காணாமல் போய், தொட்டி முழுக்க சாம்பல் நிறப் பால். தகடுகளைக் கழற்றிக் கழுவினார்கள், ரசாயனத்தை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், தரை துடைக்கும் திரவத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள். பழையது எண்ணெயைத் தற்காலிகமாகத் தூக்கிவிட்டுச் சீக்கிரமே கைவிடும் வகை. புதியது பிடித்தால் விடாத வகை. பழைய திரவத்துக்குத் திரும்பியதும் சில நாளில் படலம் திரும்ப வந்தது. துப்புரவுப் பிரிவு என்ன வாங்குகிறது என்று சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லா நீரையும் ஒரே வாய்க்காலில் விடுவது. லேத்தில் பயன்படும் குளிர்விப்புத் திரவம் ஒரு நாளைக்கு 200 லிட்டர்தான் வரும், ஆனால் கெட்டியான பால்மம். அதை 50,000 லிட்டர் கழுவுநீரில் கலந்துவிட்டால் மொத்தமும் கெடும். தனியாக டிரம்மில் பிடித்துத் தனியாக உடைத்தால் 200 லிட்டரோடு பிரச்சினை தீர்ந்தது. குரோமியம், சயனைடு வரும் நீர்களுக்கும் இதே விதி. மழைநீரை எண்ணெய் வாய்க்காலில் சேர்க்காமல் இருப்பதும் இதில் அடக்கம்.

படி 4: ஈர்ப்பு விசைக்கு வேலை கொடுங்கள்

முதல் கருவி எப்போதும் ஈர்ப்பு விசைப் பிரிப்பான்தான். பெட்ரோலிய ஆலைகளில் நெடுங்காலமாக இருப்பது, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த ஏ.பி.ஐ. வகை. நீளமான, ஆழம் குறைந்த தொட்டி. நீர் மெதுவாக நகரும், எண்ணெய் மேலே வரும், மணல் கீழே படியும். 150 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துளிகளுக்காகவே இது கணக்கிடப்பட்டது. நீர் நகரும் வேகம் நிமிடத்துக்கு 0.9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி.

இடம் குறைவு என்றால் தகடு வைத்த பிரிப்பான். 45 முதல் 60 டிகிரி சாய்வில், ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்கிய தகடுகள். துளி ஒரு மீட்டர் ஏற வேண்டியதில்லை. இரண்டு சென்டிமீட்டர் ஏறினால் மேல் தகட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே மற்றத் துளிகளோடு சேர்ந்து பெருத்து, தகட்டோடு வழுக்கி மேலே போகும். தகட்டின் எதிர்ப்பக்கத்தில் கசடு கீழே வழுக்கும். சாய்வு அதற்காகத்தான். இதன் ஒரே பலவீனம் அடைப்பு. மணலும் கெட்டி கிரீஸும் வரும் நீருக்கு முன்னால் ஒரு மணல் பொறி இல்லாமல் இதை வைக்காதீர்கள்.

மேலே சேரும் எண்ணெயை எடுக்க நீள்துளைக் குழாய், டிரம், பெல்ட் என்று பல வகை உண்டு. எதுவானாலும் சரி, அடிக்கடி எடுங்கள். வாரம் ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் படலம் தடித்து, கெட்டியாகி, தூசியோடு சேர்ந்து பாதி மிதக்கும், பாதி மூழ்கும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டிய நீரில் எண்ணெய் பொதுவாக லிட்டருக்குச் சில பத்து முதல் ஒன்றிரண்டு நூறு மில்லிகிராம் வரை மிச்சம் இருக்கும். வெளியேற்ற விதி பெரும்பாலும் அதைவிடக் கடுமையாகவே இருக்கும்.

வரத்து ஏறி இறங்குவதைச் சமப்படுத்தும் தொட்டியைப் பிரிப்பானுக்குப் பின்னால் வையுங்கள். சமநிலைத் தொட்டியில் காற்றடிப்பார்கள், கலக்குவார்கள். தனி எண்ணெயோடு அதைச் செய்தால் நீங்களே பால்மம் தயாரித்தவர் ஆவீர்கள்.

படி 5: பால்மத்தை உடைப்பது

பிரியாத துளிகளை உடைக்க, அவை ஏன் பிரியவில்லை என்று தெரிய வேண்டும். துளியின் மேற்பரப்பில் பொதுவாக எதிர்மின்னூட்டம் இருக்கும். சோப்பு மூலக்கூறு வாலை எண்ணெய்க்குள்ளும் தலையை நீருக்குள்ளும் வைத்துக்கொண்டு துளியைச் சுற்றி வரிசையாக நிற்கும். ஒரே மின்னூட்டம் உள்ள துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், சேரவே சேராது.

இதை உடைக்க இரண்டு வழி. அமிலம் சேர்த்து பி.எச். 2–3 வரை இறக்கினால் சாதாரண சோப்பு தன் பிடியை விட்டுவிடும்; சூடாக்கினால் இன்னும் வேகம். கெட்டியான குளிர்விப்புத் திரவத்துக்கு இது நல்ல வழி. எண்ணெய் அடர்த்தியாகவே கிடைக்கும், கசடும் குறைவு. ஆனால் அரிப்பைத் தாங்கும் தொட்டி வேண்டும், பிறகு காரம் போட்டுச் சமன் செய்ய வேண்டும். இன்னொரு வழி படிகாரம், ஃபெரிக் குளோரைடு, பாலி அலுமினியம் குளோரைடு போன்ற உப்புகள். இவற்றின் நேர்மின்னூட்டம் துளியின் எதிர்மின்னூட்டத்தைத் தணிக்கும். அப்புறம் பாலிமர் சேர்த்தால் பொடித் திரள்கள் கோத்துப் பெரிதாகும்.

எவ்வளவு போடுவது? இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை, குடுவையில்தான் இருக்கிறது. ஆறு குடுவைச் சோதனையை இப்படிச் செய்யுங்கள்:

1. 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். இந்தக் கரைசலில் 1 மில்லி எடுத்து ஒரு லிட்டர் மாதிரியில் விட்டால் 10 மில்லிகிராம் அளவு ஆகும். 1 கிராம் பாலிமரை இன்னொரு லிட்டரில் கரையுங்கள். அதில் 1 மில்லி என்றால் 1 மில்லிகிராம். பாலிமர் தூளை மொத்தமாகக் கொட்டாமல், சுழலும் நீரில் தூவித் தூவிப் போடுங்கள். கொட்டினால் மீன்கண் மாதிரி கட்டிகள் நிற்கும், கரையாது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறட்டும்.

2. ஆறு குடுவையிலும் ஒரே நேரத்தில் பிடித்த நீரை ஒரு லிட்டர் வீதம் ஊற்றி, படிகாரக் கரைசலை 5, 10, 15, 20, 30, 40 மில்லி என்று விடுங்கள். நிமிடத்துக்கு 100–150 சுற்றில் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள்.

3. பி.எச். பாருங்கள். படிகாரத்துக்கு 6-லிருந்து 7-க்குள் இருப்பது நல்லது. படிகாரமே பி.எச்-ஐ இறக்கும், அதனால் போட்ட பிறகு அளப்பதுதான் சரி. குறைந்திருந்தால் காரம் சேருங்கள்.

4. பாலிமர் 1 முதல் 3 மில்லி சேர்த்து, 20–30 சுற்றில் பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். பிறகு நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கைவைக்காதீர்கள்.

எந்தக் குடுவையில் திரளுக்கு நடுவே உள்ள நீர் கண்ணாடிபோல் தெரிகிறதோ, அதில் குறைந்த அளவு எதுவோ, அதுதான் உங்கள் எண். திரள் பெரிதாக இருந்து, நடுவில் உள்ள நீர் மங்கலாகவே இருந்தால் படிகாரம் போதவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் போடப்போட மறுபடி கலங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. துளிகள் இப்போது நேர்மின்னூட்டத்துக்கு மாறி மறுபடி தள்ளிக்கொள்கின்றன. ரசாயனம் கூடினால் சுத்தம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. கசடுதான் கூடும்.

இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு எண்ணைச் சுவரில் எழுதி வைப்பதில் பயனில்லை. நீர் மாறும்போதெல்லாம் செய்ய வேண்டும்.

படி 6: காற்றால் தூக்குவது

உடைந்த எண்ணெய்த் திரள் நீரைவிடச் சற்றே லேசானது, தானாக ஏற நேரம் எடுக்கும். சுத்தமாகி வெளிவரும் நீரில் ஒரு பகுதியை எடுத்து, 4 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றைக் கரைத்து, தொட்டியின் அடியில் அழுத்தத்தைத் திடீரென விடுவித்தால் 30 முதல் 100 மைக்ரான் அளவில் குமிழிகள் பிறக்கும். அவை திரளில் ஒட்டிக்கொண்டு மேலே தூக்கும். இதுதான் கரைந்த காற்று மிதப்பு முறை. எல்லோரும் சுருக்கமாக டாஃப் என்பார்கள்.

ஒழுங்காக ஓடுகிறதா என்று அறிய மீட்டர் வேண்டாம். காற்றேறிய நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். பால்போல வெள்ளையாக இருந்து, அடியிலிருந்து மெதுவாகத் தெளிந்துவந்தால் நல்லது. சோடா மாதிரி பெரிய குமிழி பொங்கி உடனே அடங்கினால் அழுத்தம் குறைந்திருக்கிறது அல்லது விடுவிக்கும் வால்வு தேய்ந்திருக்கிறது. பெரிய குமிழி திரளைத் தூக்காது, உடைத்துப்போடும். நீர் சூடாக வந்தாலும் காற்று குறைவாகவே கரையும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 7: கடைசி மிச்சம்

இதற்குப் பிறகும் சில பத்து மில்லிகிராம் இருக்கலாம். வால்நட் ஓட்டுத் தூள் நிரப்பிய வடிகட்டி எண்ணெய் வயல்களில் அதிகம் பயன்படுகிறது. கழுவினால் எண்ணெயை விட்டுவிடும், மணலைப்போல் பிசுபிசுத்துப்போகாது. அடுத்தது எண்ணெய் பிடிக்கும்படி மாற்றிய களிமண். தன் எடையில் பாதி அளவுக்கு எண்ணெயை வாங்கும்.

கரைந்த பென்சீன் போன்றவற்றுக்குக் கிளர்வூட்டிய கரி. கரியின் நுண்துளைகள் கரைந்த மூலக்கூறுகளுக்கானவை. எண்ணெய்த் துளி வந்தால் வாயிலையே அடைத்துவிடும். அதனால் களிமண் முன்னால், கரி பின்னால். இந்த வரிசையை மாற்றினால் கரியை வாராவாரம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கரித் தொட்டி இரண்டைத் தொடராக வைத்து நடுவில் மாதிரி எடுங்கள். முதல் தொட்டி தாண்டவிடத் தொடங்கியதும் இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் வைக்கலாம்.

சவ்வு முறை, அதாவது அல்ட்ராஃபில்ட்ரேஷன், பால்மத்தை ரசாயனம் இல்லாமலே பிடிக்கும். பீங்கான் சவ்வு சூட்டையும் காரத்தையும் தாங்கும், விலையும் அதற்கேற்ப. பாலிமர் சவ்வின்மேல் தனி எண்ணெய் பட்டால் அடைத்துக்கொள்ளும். முந்தைய படிகளைத் தவிர்க்கச் சவ்வு வாங்குகிறேன் என்பவர்களுக்கு நான் சம்மதம் சொல்வதில்லை.

நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும் உயிரியல் முறைக்கு அனுப்புவதாக இருந்தால் எண்ணெயை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இறக்குங்கள். அதற்கு மேல் போனால் நுண்ணுயிர்த் திரளைச் சுற்றிப் படலம் கட்டி, ஆக்சிஜன் உள்ளே போகாமல் தடுக்கும். ஆலை நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைவாக இருப்பது வழக்கம். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) 100 என்றால் நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 8: எண்ணெயோடு கூட வருபவை

உலோகங்களைக் காரம் போட்டு ஹைட்ராக்சைடாகப் படியவைப்பது பொதுவழி. சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு உலோகத்துக்கும் பிடித்த பி.எச். வேறு. மூன்று இணைதிறன் குரோமியம் 8 வாக்கில் நன்றாகப் படியும், மேலே போனால் மறுபடி கரையத் தொடங்கும். நிக்கலுக்கு 10 வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு கட்டமாகப் பிரிப்பது அல்லது நடுவில் 9 வாக்கில் சமரசம். ஆறு இணைதிறன் குரோமியம் காரத்தால் படியவே படியாது. முதலில் பி.எச். 2–3-இல் சோடியம் பைசல்பைட்டால் குறைத்து, மஞ்சள் நிறம் பச்சையான பிறகுதான் காரம். அம்மோனியாவோ இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளோ இருந்தால் உலோகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விடாது. அப்போது சல்பைடு வகை ரசாயனங்கள் தேவைப்படும்.

சேர்ந்த கசடு என்னவாகிறது என்பதையும் முன்பே யோசியுங்கள். ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, ஆபத்தான கழிவாக உரிமம் உள்ள இடத்துக்கு அனுப்பவேண்டியிருக்கும். ஆலைக்குப் பின்னால் குழி தோண்டிப் போட்டால் அது அடுத்த பகுதிக்கு முன்னுரையாகிவிடும்.

நிலத்தடிக்குப் போனால் ஆட்டமே வேறு

தொட்டியில் இருப்பதைப் பார்க்கலாம், கலக்கலாம், வடிக்கலாம். மண்ணுக்குள் போனது அப்படி இல்லை. ஒரு லிட்டர் பென்சீன் சுமார் 880 கிராம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வகுத்துப் பார்த்தால் அந்த ஒரு லிட்டர் 8.8 கோடி லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும்.

முதலில் ஒழுகும் வாயை அடையுங்கள். உடைந்த குழாயோ ஓட்டைத் தொட்டியோ ஓடிக்கொண்டிருக்கும்போது போர்வெல்லில் நீரை இறைத்துச் சுத்தம் செய்வது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

அடுத்தது, மிதப்பதா மூழ்குவதா? பெட்ரோல், டீசல் நீரைவிட லேசு. நீர்மட்டத்தின்மேல் பரவி நிற்கும். உலோகப் பாகங்களின் கிரீஸைக் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கரைப்பான்களின் அடர்த்தி 1.46 வாக்கில், நீரையும் தாண்டி இறங்கி, களிமண் அடுக்கு தடுக்கும்வரை போகும். அங்கே குட்டையாகத் தேங்கும். அந்தக் களிமண்ணைத் துளைத்து போர்வெல் போட்டால் கீழ் அடுக்குக்கு நீங்களே பாதை வெட்டிக்கொடுக்கிறீர்கள். கரைப்பான் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, அசல் இடத்தில் ஆழமாகத் துளைப்பதைத் தவிர்த்து வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்.

நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறிய, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கண்காணிப்புக் கிணறுகளாவது வேண்டும். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒரே நாளில், ஒரே மட்டக் குறியிலிருந்து அளந்தால் சாய்வு தெரியும். மிதக்கும் எண்ணெயைத் தேடினால் கிணற்றுக் குழாயில் நீர் உள்ளே வரத் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுக்க நீருக்குள் புதைத்துவிட்டால் எண்ணெய் கிணற்றுக்குள் வராது, இல்லை என்று எழுதிவிடுவார்கள். கிணற்றுக்குள் 50 சென்டிமீட்டர் எண்ணெய் நிற்பதால் மண்ணிலும் 50 சென்டிமீட்டர் இருக்கிறது என்று கணக்குப் போடுவதும் தவறு. நுண்ணிய மண்ணில் கிணறு காட்டுவது உண்மையைவிடப் பல மடங்காக இருக்கலாம்.

மிதப்பதை, மேற்படலத்தை வாரும் ஸ்கிம்மர் வைத்து எடுங்கள். அவசரப்பட்டு நீர்மட்டத்தை ஆழமாக இறக்காதீர்கள். எண்ணெயும் கூடவே இறங்கி, அதுவரை சுத்தமாக இருந்த மண்ணில் பூசிக்கொள்ளும். எப்படி எடுத்தாலும் பெரும்பகுதி மண்துளைகளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பிறகு வருடக்கணக்காக நீரில் கரைந்துகொண்டே இருப்பது அதுதான்.

இறைத்து மேலே கொண்டுவந்த நீரில் பென்சீன் இருந்தால் காற்றோட்டக் கோபுரம் நன்றாக வேலை செய்யும்: மேலிருந்து நீர், கீழிருந்து காற்று. பென்சீன் நீரை விட்டுக் காற்றுக்குத் தாவத் தயாராக இருக்கும். பெட்ரோலில் கலக்கும் எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருள் அதில் பத்தில் ஒரு பங்கு விருப்பம்தான் காட்டும். 1,4-டையாக்சேன் என்ற கரைப்பான் அசையவே அசையாது. அதற்குப் புறஊதாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த ஆக்சிஜனேற்றம் வேண்டும். கோபுரத்திலிருந்து வெளியேறும் காற்றையும் கரியில் பிடிக்காவிட்டால் மாசு இடம் மாறியதே தவிரப் போகவில்லை. நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருந்தால் காற்று பட்டதும் செம்மண் நிறச் சேறாகி கோபுரத்தை அடைக்கும். வடிவமைப்பில் மறந்துபோய், ஓட்டத்தில் தினமும் நினைவுக்கு வரும் விஷயம் இது.

மண்ணுக்குள்ளேயே அழிப்பதும் உண்டு. ஒரு மில்லிகிராம் பென்சீனை நுண்ணுயிர்கள் தின்ன சுமார் 3 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நீரில் காற்றிலிருந்து கரையக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு 8–9 மில்லிகிராம்தான். ஆகவே 3 மில்லிகிராமுக்கு மேல் பென்சீன் இருந்தால் ஆக்சிஜனை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும்: காற்று ஊதியோ, மெதுவாக ஆக்சிஜன் விடும் பொருளை இறக்கியோ. குளோரின் கரைப்பான்களுக்கு நேர்மாறு; ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் நுண்ணுயிர்கள் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். நடுவில் வினைல் குளோரைடு பிறக்கும். அது மூலத்தைவிட நச்சு. டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா இருந்தால் அதையும் எத்திலீனாக்கி முடிக்கும். இல்லாவிட்டால் வேலை பாதியில் நிற்கும். வினைல் குளோரைடு ஏறுகிறதா என்று பார்க்காமல் இந்த முறையில் இறங்க வேண்டாம்.

ஆக்சிஜனேற்றிகளை ஊற்றுவதிலும் ஆளறிந்து ஊற்ற வேண்டும். பெர்மாங்கனேட் டிரைகுளோரோஎத்திலீனை நன்றாகச் சிதைக்கும், பென்சீனைக் கண்டுகொள்ளாது. பென்சீனுக்குப் பெர்சல்பேட்டோ, ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சேர்த்து ஊற்றும் ஃபென்டன் முறையோ வேண்டும். ஃபென்டன் சூடும் வாயுவும் கிளப்பும், எரிபொருள் மிதக்கும் இடத்தில் ஆபத்து.

எனக்குப் பிடித்தது இரும்புத் தூள் சுவர். நீர் ஓடும் பாதைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, இரும்புத் துகளும் மணலும் நிரப்பிவிட்டால் நீர் அதன் வழியே போகும்போது இரும்பு குளோரினைக் கழற்றிவிடும். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. 1991-இல் கனடாவின் போர்டன் என்ற இடத்தில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் களத்தில் செய்து பார்த்தார்கள். அந்தச் சோதனைச் சுவர் டிரைகுளோரோஎத்திலீனில் 90 சதவீதத்தைச் சிதைத்தது. நீரோட்டத்தின் திசையைத் தவறாகக் கணித்தால் மட்டும் நீர் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்த மூன்று கிணறுகள் இங்கேயும் தேவை.

பம்ப்பை எப்போது நிறுத்துவது?

இறைத்துக்கொண்டே இருந்தால் எண்கள் முதலில் வேகமாக இறங்கும், அப்புறம் ஓரிடத்தில் வந்து படுத்துக்கொள்ளும். எல்லைக்குக் கீழே வந்துவிட்டது என்று நிறுத்தினால் சில மாதத்தில் மறுபடி ஏறும். களிமண் அடுக்குகளுக்குள் ஊறியிருந்தது மெதுவாக வெளியே வருவதால் இப்படி. ஆகவே எண் எல்லைக்குக் கீழே வந்த நாளில் பம்ப்பை நிறுத்துங்கள், ஆனால் கழற்றாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே கிணற்றில், அதே ஆழத்தில், அதே முறையில் மாதிரி எடுங்கள். குப்பியில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் மூடுங்கள். இருந்தால் பென்சீன் அதற்குள் தாவிவிடும், எண் குறைவாக வரும். ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று மழைக்காலமும் வறட்சிக்காலமும் ஒரு சுற்று வரட்டும். நாலு முறையும் எண் ஏறாமல் இருந்தால் அப்போது குழாய்களைக் கழற்றலாம்.